தராசும் கொசுறும்: உழவர் சந்தையில் ஓர் அறக்கேள்வி

ஒரு பொருளுக்கு உரிய விலை எது என்ற கேள்வியைப் பொருளியல் தனதாக்கிக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் நெடுங்காலம் அது அறநூலாரின் கேள்வியாகவும் சமயச் சான்றோரின் கேள்வியாகவும் இருந்தது. விற்பவர் கேட்பதும் வாங்குபவர் கொடுக்க இசைவதும் ஒன்றானால் அதுவே விலை என்று பொருளியல் சொல்லிவிட்டு மேலே போய்விடும். இசைந்த இருவரில் ஒருவர் இசையாமல் இருக்க வழியே அற்றவராக இருந்தால் அந்த இசைவுக்கு என்ன மதிப்பு என்று அறநூல் அங்கேயே நின்று கேட்கும். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கிவைக்கப்பட்ட உழவர் சந்தை, தமிழ்நாட்டில் அவ்வகையில் முதலாவது என்ற முறையில் வேளாண்மைத் திட்டங்களின் வரலாற்றில் இடம்பெறுவது. ஆயினும் அந்தப் பழைய அறக்கேள்விக்கு ஒரு நகரம் செயல்வடிவில் சொன்ன விடையாகவும் அதனைப் படிக்க இடமுண்டு.

உழவர் சந்தை என்பது, விளைவித்தவரே தம் காய்கறியையும் பழத்தையும் கீரையையும் நகரத்தாருக்கு நேரே விற்பதற்காக அரசு அமைத்துக் கொடுத்த இடம். பஞ்சாபில் 1987-இல் தோன்றிய ‘அப்னி மண்டி’, அதாவது ‘நம் சந்தை’, அதற்கு மூத்தது. ஆந்திரத்தில் 1999-இன் தொடக்கத்தில் வந்த ‘ரைது பஜார்’ அதற்கு உடன்பிறந்தது போன்றது. இங்கு விற்பவர் உண்மையிலேயே பயிரிடுபவர்தானா என்று அலுவலர்கள் சரிபார்த்து ஒளிப்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்குவர். கடைக்கு வாடகை இல்லை, தரகும் இல்லை. எடைபோடும் தராசைச் சந்தை நிர்வாகமே காலையில் கொடுத்து, விற்பனை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். அன்றைய விலை, மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அமையுமாறு நாள்தோறும் முடிவு செய்யப்பட்டு, நுழைவாயிலருகே பலகையில் எழுதப்படும். விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நின்றவர் எடுத்துக்கொண்ட பங்கை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பதே இக்கணக்கின் உட்பொருள்.

இந்த ஏற்பாட்டின் அறப்பொருள் விளங்க வேண்டுமாயின், இதற்கு மாற்றாக உழவர் முன் இருந்தது எது என்று பார்க்க வேண்டும். கமிஷன் மண்டிக்குத் தக்காளியைக் கொண்டுவருபவர், தாம் பறித்த அந்தக் கணத்திலிருந்தே காலத்துக்குக் கடன்பட்டவராகிறார். நெல்லைப் போலத் தக்காளியைக் குதிருக்குள் போட்டுக் காத்திருக்க முடியாது, விலை பிடிக்கவில்லை என்று வண்டிவாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகளை மறைத்து, ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவது இன்றும் காணக்கூடியது. மாட்டுக்கு உரியவர் அருகிலேயே நின்றாலும் அந்தத் துண்டுக்குள் என்ன பேசப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. காய்கறி மண்டியில் துண்டு இல்லாவிட்டாலும், விலை உருவாகும் இடத்தை உழவர் பார்க்க முடியாது என்னும் நிலை பெரும்பாலும் அதுவேதான். இத்தகைய இடத்தில் அவர் சொல்லும் ‘சரி’ என்ற சொல், தேர்ந்து சொன்ன சொல்லன்று. வேறு சொல் இல்லாததால் சொன்னது. பலகையில் எழுதிய விலை, அந்தத் துண்டை உதறி எடுத்து எல்லார் கண்ணுக்கும் எட்டும்படி மாட்டிவைத்ததற்கு ஒப்பானது.

வாணிகத்தின் அறத்தைப் பேச வந்த மரபுகள் பலவும் தராசையே தம் குறியீடாகக் கொண்டிருப்பது தற்செயலானது அன்று. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் சான்றோரின் மனத்துக்கு உவமை தேடும்போது துலாக்கோலிடம் போகிறது. அதே அதிகாரத்தின் முடிவில் பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகர்க்கு வாணிகம் என்றும் சொல்லி அமைகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் சிறப்பாகக் கொள்ளும்போது கூடுதலாகக் கொள்ளாமையையும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமையையும் இணைத்தே கூறுகிறது. விவிலியத்தின் லேவியர் நூல் நேர்மையான தராசையும் படிக்கல்லையும் இறைக் கட்டளையாகவே விதிக்கிறது; திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கிப் பிறர்க்கு அளக்கும்போது குறைப்பவரைக் கண்டித்தே தொடங்குகிறது. கொலையும் களவும் போன்ற பெருங்குற்றங்களுக்கு நிகரான இடத்தில் ஒரு கைப்பிடிக் குறைவை ஏன் இந்நூல்கள் வைத்தன என்று வியப்போர் உண்டு. எடைக்குறைவு என்பது, வாங்குபவரின் நம்பிக்கையையே கருவியாக்கி அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது. களவு கொடுத்தவருக்குத் தம் இழப்பு தெரியும், எடையில் ஏமாந்தவருக்கு இழப்பு நேர்ந்ததே தெரியாது. அறியாமையின்மேல் கட்டப்படும் தீமை ஆதலால் அது சிறிதாயினும் ஆழமானது.

இக்கருத்தை மகாபாரதத்தின் சாந்தி பருவம் ஒரு கதையாகவே சொல்கிறது. ஜாஜலி என்னும் தவமுனிவர் மரம்போல் அசையாது நின்று தவம் செய்ய, அவர் சடைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்தும் போகின்றன. அறத்தின் எல்லையை அடைந்துவிட்டதாக அவர் பெருமிதம் கொள்ளும்போது, காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரனுக்கு அவர் ஈடாகார் என்று ஓர் அசரீரி சொல்கிறது. துலாதாரன் என்ற பெயருக்குத் தராசைத் தாங்குபவன் என்பதே பொருள். தேடிவந்த முனிவரிடம் அவன் தன் அறம் இன்னதென்று விளக்கும்போது, எவரிடமும் விருப்போ வெறுப்போ இன்றித் தன் தராசு எல்லா உயிர்க்கும் ஒன்றாகவே நிற்பதைத்தான் சான்றாகக் காட்டுகிறான். அசையாமல் நிற்பது தவம் என்றால், நாள்முழுதும் அசைந்து ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பும் தராசின் முள்ளும் தவமே என்பது அக்கதையின் கருத்து. காட்டில் ஒருமுறை வெல்லப்படும் ஆசை, கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் புதிதாக வெல்லப்பட வேண்டியிருக்கிறது.

ஆனால் இதே துலாதாரன் உழவைப் பற்றிச் சொல்வது உழவர் சந்தைக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. உழவை நல்ல தொழில் என்று உலகம் கருதினாலும், இரும்பு முகம் கொண்ட கலப்பை நிலத்தையும் நிலத்துக்குள் வாழும் உயிர்களையும் வருத்துகிறதே என்று அவன் ஐயம் எழுப்புகிறான். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணரில் பலர் உழவை விட்டு வாணிகத்தை மேற்கொண்டதும் இவ்வகை எண்ணத்தின் வழிவந்ததே. திருக்குறளோ இதற்கு நேர்மாறாக உழவரை உலகத்துக்கே அச்சாணி என்று வைத்து, பிற தொழிலார் அனைவரும் அவரைத் தொடர்ந்து வாழ்பவர் என்கிறது. இவ்விரண்டு பார்வையையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது; ஒரே மனிதரின் கையில் அவை சேர்ந்திருப்பதுதான் உழவர் சந்தையின் தனித்தன்மை. மண்ணையும் உயிரையும் தொட்டு விளைவித்தவரே தராசையும் பிடிக்கிறார். ஆகவே அவர் விற்கும் கத்தரிக்காயின் விலைக்குள் எடை மட்டுமன்றி, அந்தக் காய் எப்படி விளைந்தது என்ற பொறுப்பும் அடங்கியிருக்கிறது. இடைநின்றவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் தமக்குத் தெரியாது என்று அவர் உண்மையாகவே சொல்லிவிட முடியும். விளைவித்தவர்க்கு அந்தப் புகலிடம் இல்லை.

இங்கு ஓர் எதிர்ப்பு எழக்கூடும். துலாதாரனின் தராசு அவனுடையது. அதை அவன் விரும்பினால் சாய்க்கலாம், சாய்க்காமல் இருந்ததே அவன் பெருமை. உழவர் சந்தையிலோ தராசு நிர்வாகத்தினுடையது, விலை பலகையினுடையது. அப்படியிருக்க, ஒழுங்காக எடைபோட்ட உழவரை அறவோர் என்று சொல்ல என்ன இருக்கிறது, அங்கே அறம் வெறும் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டதல்லவா என்பது அந்த எதிர்ப்பு. அறம் என்பது தனிமனிதரின் உள்ளத் தூய்மை மட்டுமே என்று கொண்டால் இவ்வாதத்தை மறுக்க இயலாது. ஆனால் அதே கொள்கை இன்னொரு முடிவுக்கும் இட்டுச்செல்லும்: வாங்குபவர் ஏமாறாமல் இருப்பது, விற்பவரின் உள்ளம் தூயதாக அமையும் நற்பேற்றை மட்டுமே பொறுத்ததாகிவிடும். ஒருவரின் தவம் பலிக்கும்வரை மற்றவர் பசியோடு காத்திருக்க வேண்டும் என்பதை எந்த அறநூலும் ஏற்றதில்லை.

பழைய நூல்களில் ஏற்பாடும் அறத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டது. கௌடலீயரின் அர்த்தசாத்திரம் உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு ஐந்தும் அயல்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்குப் பத்தும் வணிகரின் ஊதியமாக வரையறுத்ததோடு, பொருளை விளையும் இடத்திலேயே வாங்கிவிடுவதற்கும் தண்டம் விதித்தது. அரசுக்கு வரவேண்டிய சுங்கம் தவறாமை அதன் நோக்கங்களுள் ஒன்று. இஸ்லாமிய மரபில் நபிமொழிகள், அதாவது நபிகளாரின் சொல்லும் செயலும் பற்றிய அறிவிப்புகள், சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே வழிமறித்து வாங்குவதைத் தடுக்கின்றன. சந்தை நிலவரம் அறியாதவரிடம் அறிந்தவர் செய்யும் பேரம் சமமான பேரம் அன்று என்பதே அதற்கு அறிஞர் கூறும் காரணம். அதே மரபில், விலையேற்றம் கண்ட மக்கள் விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்டியபோது நபிகளார் அதற்கு இசையவில்லை என்றும், எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர் விரும்பவில்லை என்றும் அறிவிப்பு உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும்: பேரம் நடக்கும் களம் சமமாக இருக்கக் காவல் வேண்டும், களம் சமமான பின் விலைக்குள் கைவைப்பதில் தயக்கமும் வேண்டும்.

உழவர் சந்தையின் பலகை இந்தத் தயக்கத்தைக் கடந்து விலைக்குள்ளும் கைவைக்கிறது என்பது உண்மை. ஆயினும் அது எங்கோ ஓரிடத்தில் ஆண்டுக்கொருமுறை இயற்றப்படும் ஆணை அன்று. அன்றைய மொத்தச் சந்தையையும் சில்லறைச் சந்தையையும் பார்த்து அன்றன்றைக்கு எழுதி, மறுநாள் அழிக்கப்படுவது. சுண்ணக்கட்டியால் எழுதிய எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண் எழுதும் அந்தக் கையில், விலை மாறாத இறைவாக்கும் அன்று, வலியவர் விருப்பமும் அன்று, நாள்தோறும் கூடிக் கண்டறிய வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் அமைந்திருக்கிறது. எனவே ஏற்பாடு அறத்தைச் சுருக்குகிறது என்பதைவிட, அளக்கக்கூடிய அறத்தைத் தனிமனிதர் தோளிலிருந்து இறக்கி ஊர்ப்பொதுவில் வைக்கிறது என்பதே பொருந்தும். அளக்க முடியாத அறம் அதன்பின்னும் மிஞ்சியே இருக்கிறது.

அப்படி மிஞ்சுவதில் முதலாவது, தெரிந்ததைச் சொல்வதா மறைப்பதா என்பது. உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கை எடுத்துரைக்கிறார்: பஞ்சம் பட்ட ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார், பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது, அவர் அதைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்கும் அளவுக்குக் குறையைச் சொன்னால் போதும், சொல்லாதிருப்பது ஏமாற்று ஆகாது என்கிறார் சிசரோ காட்டும் மெய்யியலார் இருவருள் ஒருவரான தியோகெனிசு. விற்பவர் அறிந்தது எதையும் வாங்குபவர் அறியாமல் இருக்கக் கூடாது என்கிறார் அவர் மாணவர் அந்திபாத்தர். சிசரோ சொல்லிவிடும் பக்கமே சாய்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, அதைச் சொல்ல வேண்டும் என்று நீதி கட்டாயப்படுத்தாது, ஆயினும் சொல்பவரின் அறம் மேலானது என்று நடுவழி காண்கிறார்.

இவ்வழக்கு ரோட்ஸ் தீவோடு முடிந்துவிட்டதன்று. காலிஃபிளவரை முன்னால் அடுக்கிவைத்திருக்கும் உழவருக்கு, அதன்மேல் கடைசியாக மருந்து தெளித்தது எந்த நாள் என்பது தெரியும். தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்ற கணக்கை அவர் காத்தாரா இல்லையா என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். தராசு அதைக் காட்டாது. பலகையும் அதைக் காட்டாது. மண்டி வழியே பல கை மாறி வரும் காயில் இந்த அறிவு வழியிலேயே உதிர்ந்துபோகிறது. உழவர் சந்தையில் மட்டுமே, அறிந்தவரும் உண்ணப்போகிறவரும் ஒரு தார்ப்பாயின் அகலத்தில் எதிரெதிரே இருக்கின்றனர். அந்த அருகாமை தானாக அறமாகிவிடாது, அது அறத்துக்கு வாய்ப்பு மட்டுமே, “மருந்து எப்பண்ணே அடிச்சீங்க?” என்று வாங்குபவர் கேட்டு, உழவர் உள்ளபடி சொல்லும்போதுதான் அந்த வாய்ப்பு பயன்பட்டதாகும்.

மிஞ்சுவதில் இரண்டாவது கொசுறு. கொசுறு என்பது விலைக்கு உரிய அளவு நிறைந்த பிறகு, விலையின்றி மேலே போடப்படுவது: தராசிலிருந்து காயைப் பைக்குள் கொட்டியபின், கேட்டோ கேளாமலோ விழும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலை, நாலு கொத்தமல்லித் தழை, இரண்டு பச்சைமிளகாய். நீதியின் கணக்கில் இதற்கு இடமே இல்லை. தராசு சமமாக நின்றபோதே நீதி முடிந்துவிட்டது. ஆயினும் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், பண்டமாற்றில் நீதி எப்படி அமைகிறது என்று கணக்கிடும் இடத்திலேயே, ஊரின் கண்காணும் இடத்தில் அருள்தேவியருக்குக் கோயில் எடுப்பதைக் குறிப்பிடுகிறார். பெற்ற நன்மைக்கு நன்மை செய்வதோடு நில்லாமல், அடுத்த முறை தாமே முந்தி நன்மை செய்ய மக்கள் கற்க வேண்டும் என்பதற்காக அது என்று விளக்கம் தருகிறார். கொடுக்கல் வாங்கலால் கட்டுண்ட ஊர், சரிக்குச் சரி என்பதால் மட்டும் நிலைத்து நிற்பதில்லை என்பதை உணர்ந்தவர் கூற்று அது. அந்தக் கோயிலின் வேலையைத் தமிழ்ச் சந்தையில் ஓர் இணுக்குக் கறிவேப்பிலை செய்கிறது.

கொசுறும் ஒரு வாணிக உத்திதானே, நாளையும் அதே கடைக்கு வரவைப்பதற்கான முதலீடுதானே என்று கேட்கலாம். புறநானூறு இந்த ஐயத்தை ஏற்கெனவே எழுப்பி வைத்திருக்கிறது: ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இம்மையில் கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவரை ‘அறவிலை வணிகன்’ என்று பெயரிட்டு, ஆய் அத்தகையவன் அல்லன் என்கிறார். அறத்தையே விலைபேசுவது வாணிகத்தின் தாழ்ந்த வடிவம் என்றால், விலைக்கு மேல் கணக்கின்றிப் போடப்படும் கைப்பிடித் தழை வாணிகத்துக்குள் அறம் நுழையும் வடிவம். அதில் நாளைய வாடிக்கையைப் பற்றிய எண்ணம் கலந்திருக்கலாம். மனித ஈகைகளில் முற்றும் கலப்பற்றது அரிது. ஆனால் கொசுறை உரிமையாக வற்புறுத்திக் கேட்டு வாங்கும் கணத்தில் அது கொசுறு ஆகாமல் விலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பது மட்டும் உறுதி; அப்போது அதைக் கெடுத்தவர் விற்றவர் அல்லர், வாங்கியவர்.

இந்த இடத்தில்தான் வாணிக அறம் பற்றிய பேச்சு வழக்கமாக விட்டுவிடும் ஒருவர் முன்னே வருகிறார். நூல்கள் பெரும்பாலும் விற்பவரைப் பார்த்தே பேசுகின்றன, ஏனெனில் அக்காலத்தில் தராசும் அறிவும் அவர் கையில் இருந்தன. உழவர் சந்தையில் அந்த வலிமை இடம் மாறிவிட்டது: எடை உறுதி, விலை உறுதி, வேண்டாமென்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்னும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு, உச்சிவேளை நெருங்க நெருங்கக் கீரைக்கட்டு வாடிக்கொண்டிருப்பது விற்பவருக்கு மட்டுமே. பட்டினப்பாலை வணிகரிடம் கண்ட கொள்வதில் மிகாமை என்னும் பண்பு, இன்று பையோடு வருபவரிடம் எதிர்பார்க்கப்பட வேண்டியது. பலகை விலையைப் பார்த்த பிறகும், வாடிய முகத்தையும் வாடிய கீரையையும் கண்டு இன்னும் குறைக்கச் சொல்லும் பேரம், துண்டுக்குள் நடந்த அதே பேரத்தை வெளிச்சத்தில் நடத்துவதே.

இதற்குப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை. வெண்டைக்காய்க் குவியலே போதும். காய் பிஞ்சா முற்றலா என்று அறிய, வாங்குபவர் ஒவ்வொன்றாக எடுத்து அதன் நுனியை ஒடித்துப் பார்ப்பது தமிழர் வழக்கம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, நாராய் வளைந்தால் முற்றல். முற்றியதைத் தள்ளுவது நியாயம். ஆனால் பிஞ்சாக ஒடிந்ததையும் குவியலிலேயே போட்டுவிட்டு நுனி முழுசாக உள்ளதைத் தேடி எடுப்போரும் உண்டு, நுனி ஒடிந்த காயை அடுத்து வருபவர் தொடுவதில்லை, அன்றைய சந்தை முடிவில் அது உழவரின் நட்டமாகிறது. எந்தத் தராசும் நிறுக்காத, எந்தப் பலகையும் எழுதாத இந்தச் சிறு இழப்பில்தான் உரிய விலை எது என்ற கேள்வி வாங்குபவரைத் தேடி வந்து நிற்கிறது. பிஞ்சென்று ஒடித்துக் கண்ட காயைத் தம் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வது அதற்கு அவர் சொல்லக்கூடிய விடை.